கற்பூரத் தட்டு என் கைக்கு வரும்போது நான் என்ன செய்வது?

வாசகர் ஒருவர் தம் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மேற்கு மாவட்டம் ஒன்றில் அரசு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். அங்கே கிறிஸ்தவள் நான் ஒருத்திதான். ஆண்டுதோறும் ஆயுத பூஜையின்போது பின்வரிசையில் நின்றுகொள்வேன். தட்டை நீட்டினால் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வேன். பிறகு கழிவறைக்குப் போய்த் துடைத்துவிடுவேன். இந்த ஆண்டு கண்காணிப்பாளராகப் பதவி உயர்வு கிடைத்தது. கண்காணிப்பாளர்தான் கற்பூரம் காட்ட வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். 'மனசுக்குள்ள இயேசுவ நினைச்சுக்கிட்டுக் காட்டிடுங்க மேடம், யாருக்குத் தெரியப்போகுது' என்கிறார்கள். மேலதிகாரியும் 'ஸ்டாஃப் மனசு கோணாம நடந்துக்கோங்க' என்று சொல்லிவிட்டார். கணவர் அன்றைக்கு விடுப்பு எடுக்கச் சொல்கிறார். ஊரில் எங்கள் திருச்சபையின் நிர்வாகக் குழுவான சேகரக் கமிட்டியிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அந்த அறையில் நிற்பதே பாவம் என்கிறார். சட்டப்படி எனக்குப் பாதுகாப்பு உண்டா? விசுவாசத்தின்படி நான் என்ன செய்ய வேண்டும்?"

அரசு ஊழியர் பணி தொடர்பான வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். கற்பூரம் காட்ட வேண்டாம். அந்த அறையை விட்டு ஓடவும் வேண்டாம். என் ஆலோசனை இவ்வளவுதான். ஆனால் இதை எப்படிச் செய்வது, எந்த வார்த்தைகளில் சொல்வது, சட்டம் எதுவரை உங்களுடன் வரும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லாமல் இந்த ஆலோசனையால் உங்களுக்குப் பயனில்லை. நீங்கள் சட்டத்தை முதலில் கேட்டிருக்கிறீர்கள். நான் விசுவாசத்திலிருந்து தொடங்குகிறேன். எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெளிவாகாதவரை எந்த வழக்கறிஞராலும் உங்களுக்காக வாதாட முடியாது.

பூஜைக்கு முந்தைய மாலை உங்கள் அலுவலகம் எப்படி இருக்கும் என்பதை நீங்கள் எழுதாமலே என்னால் சொல்ல முடியும். மேசைகளைத் துடைத்து, கோப்புகளை அடுக்கி, கணினித் திரையிலும் பீரோவிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் ரப்பர் ஸ்டாம்பு வைக்கும் பெட்டியிலும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்திருப்பார்கள்; வாசலில் வாழைக்கன்றும் மாவிலைத் தோரணமும் இருக்கும்; ஓட்டுநர் ஜீப்பைக் கழுவி நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார். இவற்றில் பெரும்பகுதி, ஆண்டு முழுவதும் சோறு போட்ட தொழிலுக்குச் செய்யும் மரியாதை. அதில் நீங்கள் சங்கடப்பட எதுவுமில்லை. அறையைச் சுத்தம் செய்யலாம், உடன் பணியாற்றுகிறவர்களின் மகிழ்ச்சியில் பங்கு பெறலாம், பொரி கடலைப் பொட்டலம் கட்டலாம். ஆனால் சரஸ்வதி படத்தின் முன் கற்பூரம் ஏற்றிக் காட்டுவது வழிபாடு. அதைச் செய்கிற உங்கள் பணியாளர்களுக்கும் அது வழிபாடு என்று தெரியும்; அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வது விளையாட்டுக்காக அல்ல. ஆகவே, மனதுக்குள் ஒருவரை நினைத்துக்கொண்டு வெளியே இன்னொருவருக்குத் தீபம் காட்டுவது உங்கள் விசுவாசத்துக்குச் செய்யும் துரோகம் என்பதோடு, அந்தப் பூஜையை உண்மையாகச் செய்கிறவர்களின் பக்தியையும் சிறுமைப்படுத்துவதாகும். உங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். இந்தக் கோணத்தில் எடுத்துச் சொன்னால் அவர்களில் பலர் உடனே புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இந்த யோசனை திருச்சபைக்குப் புதியதல்ல. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களை எப்படி விசாரித்தேன் என்று ரோமப் பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதம் இன்றும் கிடைக்கிறது. பேரரசரின் சிலை முன் தூபமும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்தவர்களை அவர் விடுவித்தார், மறுத்தவர்களைக் கொன்றார். கி.பி. 250-இல் தேசியஸ் பேரரசர், குடிமக்கள் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று கட்டளையிட்டபோது, கிறிஸ்தவர்கள் சிலர் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: பலியிடவில்லை, ஆனால் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். 'நான் பலியிடவில்லையே' என்று அவர்கள் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். துன்பம் ஓய்ந்து அவர்கள் சபைக்குத் திரும்பி வந்தபோது, கார்த்தேஜ் நகரின் பேராயர் சிப்ரியான் அவர்களைத் துரத்திவிடவில்லை. உண்மையிலேயே பலியிட்டவர்களைவிட அவர்களை மென்மையாகவே நடத்தினார். ஆனாலும் நடந்தது ஒன்றுமில்லை என்று சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. மனந்திரும்புதல் தேவை என்றார். பேரரசர் அந்தக் குடிமகனின் உள்ளத்தைக் கேட்கவில்லை, சான்றிதழைத்தான் கேட்டார். அதனால்தான் அந்தச் சான்றிதழுக்கு அவ்வளவு கனம் இருந்தது. உங்களிடம் கேட்கப்படுவதும் அதுவே. உள்ளத்தில் நீங்கள் யாரை நினைக்கிறீர்கள் என்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கை தட்டைச் சுற்றினால் போதும் என்கிறார்கள்.

அறையில் நிற்பதே பாவம் என்று உங்கள் சேகரப் பெரியவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அவரை மரியாதையோடுதான் மறுக்கிறேன். நாசரேத், மெஞ்ஞானபுரம், டோனாவூர் போன்ற ஊர்களில் கிறிஸ்தவராக இருப்பதால் யாரும் எதையும் இழப்பதில்லை. தெருவுக்குத் தெரு உறவினர்கள் இருக்கிறார்கள், ஆலய மணி எல்லோருக்கும் கேட்கிறது. அங்கே இருந்துகொண்டு, அலுவலகத்தில் தனியொருத்தியாக இருக்கும் பெண்ணுக்குக் கடினமான விதியைச் சொல்வது எளிது. வேதமோ உங்கள் நிலையில் இருந்தவர்களை நன்றாக அறிந்திருக்கிறது. சீரியாவின் படைத்தலைவன் நாகமான், குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை மட்டுமே தொழுவதாக உறுதி கூறிய பிறகு, தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைக்கிறான்: என் அரசர் ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் பணியும்போது என் கையின்மேல் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். தீர்க்கதரிசி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "சமாதானத்தோடே போ" என்று சொல்லி அனுப்பிவிட்டான். எத்தனையோ ஆண்டுகள் நீங்கள் பின்வரிசையில் நின்றது நாகமான் நின்ற இடம். இந்த ஆண்டு உங்களை வந்து நிற்கச் சொல்வது அந்த அரசன் நின்ற இடம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். உடன் இருப்பது ஒன்று, வழிபாட்டை நடத்துவது வேறொன்று.

தானியேலையும் எண்ணிப் பாருங்கள். சிங்கக் கெபியைப் பற்றித்தான் நாம் எப்போதும் பிரசங்கம் கேட்கிறோம். எனக்கு அந்தப் புத்தகத்தின் முதலாம் அதிகாரமே, அலுவலகத்துக்குப் போகிற கிறிஸ்தவருக்காக எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது. தானியேல் பாபிலோனின் மொழியைக் கற்றான். கல்தேயரின் எழுத்தைப் படித்தான். பெல்தெஷாத்சார் என்று தனக்கு இடப்பட்ட பெயரைப் பொறுத்துக்கொண்டான். தன் நகரத்தை முற்றுகையிட்ட அரசனுக்கே வேலை செய்தான். இவ்வளவையும் ஏற்றுக்கொண்டவன், ராஜாவின் போஜனத்தை மட்டும் உண்ண மறுத்துவிட்டான். எல்லாவற்றையும் மறுத்திருந்தால் அவன் கலகக்காரன் ஆகியிருப்பான், எதையுமே மறுக்காமல் இருந்திருந்தால் பாபிலோனியன் ஆகியிருப்பான். அந்த எல்லையை அவன் பந்தியில் உட்கார்ந்த பிறகு, தட்டைப் பார்த்துவிட்டு யோசிக்கவில்லை. முன்னதாகவே "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு" போனான் என்று வேதம் சொல்கிறது. தீர்மானித்த பிறகு அவன் முழக்கமிடவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டான். அந்த அதிகாரி, ராஜா என் தலையை வாங்கிவிடுவாரே என்று பயந்தபோது, அந்தப் பயத்தையும் மதித்து, தங்கள்மேல் விசாரிப்புக்காரனாக வைக்கப்பட்டவனிடம் பத்து நாள் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாரும் என்று மாற்று ஏற்பாடு ஒன்றைக் கூறினான். உங்கள் மேலதிகாரியும் பயப்படுகிறவர்தான். பூஜை நாளில் சலசலப்பு வந்துவிடுமோ, சங்கத்துக்காரர்கள் பிரச்சினையாக்குவார்களோ என்பது அவர் கவலை. 'ஸ்டாஃப் மனசு கோணாம' என்று அவர் சொன்னதில் மிரட்டலைவிடக் கலக்கமே அதிகம் கேட்கிறது.

ஆகவே அவரிடம் இந்த வாரமே பேசுங்கள். பூஜைக்கு முந்தைய நாள் பேசாதீர்கள். அப்போது அது அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவதாகத் தோன்றும். கூட்டத்திலும் பேச வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் எழுத வேண்டாம். அவர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, நேரில், நின்ற வாக்கிலேயே சொல்லி முடித்துவிடலாம். வார்த்தைகள் ஏறத்தாழ இப்படி இருக்கட்டும்: "சார், பூஜை எப்பவும்போல நடக்கட்டும். நேரம், இடம், ஸ்டாஃபுக்குச் சாப்பாடு எதிலும் குறை வராம நான் பாத்துக்கறேன். கற்பூரம் காட்டுறத மட்டும் சீனியர் அசிஸ்டென்ட் செய்யட்டும். நான் கிறிஸ்டியன் சார், என்னால அது முடியாது. நான் பக்கத்துலதான் நிப்பேன்." இதற்குமேல் ஒரு வார்த்தை கூட வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்காதீர்கள், நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. விக்கிரக ஆராதனை பற்றி விளக்கம் சொல்லாதீர்கள், அவர் கேட்கவில்லை. சட்டத்தின் பெயரை எடுக்காதீர்கள். சட்டம் பேசத் தொடங்கிய நிமிடத்தில் அவர் மேலதிகாரியாகப் பதில் சொல்லத் தொடங்குவார், மனிதராகப் பதில் சொல்ல மாட்டார். அவர் சம்மதித்த பிறகு, கற்பூரம் காட்டப்போகும் மூத்த உதவியாளரிடம் நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர் அதைத் தமக்குக் கிடைத்த கௌரவமாகவே எடுத்துக்கொள்வார்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது, கழிவறைக்குப் போய்க் குங்குமத்தைத் துடைக்கிற அந்த வரி. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இத்தனை ஆண்டுகளாக உங்கள் மனச்சாட்சி அமைதியாக இருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. குங்குமம் வைத்தால் ஒருவருடைய விசுவாசம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம், சபைக்குச் சபை இதில் பழக்கம் வேறுபடும். உங்களுக்கு அது சரியென்று படவில்லை என்பதுதான் இங்கே பொருட்படுத்த வேண்டியது. பொதுவில் ஏற்றுக்கொண்டு தனிமையில் துடைப்பதை ரோமர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் அறிந்திருந்தார். "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று அவர் எழுதியது இப்படிப்பட்ட இருமனத்தைப் பற்றித்தான். சீடரான பேதுருவும் இயேசுவை மறுதலித்தது வாளுக்கு முன் நின்று அல்ல. குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில், வேலைக்காரப் பெண் ஒருத்தி கேட்ட கேள்விக்கு மறுதலித்தான். பிறகு கரையோரத்தில் கரிநெருப்புப் போட்டு, மீன் சுட்டுவைத்து, அவனை அழைத்து உட்காரவைத்தவர் நம் ஆண்டவர். கடந்துபோன ஆண்டுகளை எண்ணி உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஆண்டு தட்டு வரும்போது இரு கை கூப்பி, "வேண்டாம்க்கா" என்று முகமலர்ச்சியோடு சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த ஆண்டு தட்டை நீட்டுகிறவர் தாமாகவே உங்களைக் கடந்து போவார்.

பொரி கடலை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அன்றைக்கு அந்தக் கேள்வி வரும். கொரிந்து பட்டணத்துச் சபை இதே சிக்கலில் இருந்தது. கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடலாம், விசாரிக்க வேண்டாம். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொன்னால் அவருக்காகச் சாப்பிடாமல் இருங்கள் என்பது பவுலின் வழிகாட்டுதல். நானாக இருந்தால் எல்லோர் மேசைக்கும் வருகிற பொரிப் பொட்டலத்தை வாங்கிச் சாப்பிடுவேன். படையலிலிருந்து எடுத்துப் பிரசாதம் என்று சொல்லித் தருவதை அன்போடு மறுப்பேன். இதில் உங்கள் மனச்சாட்சி வேறாகச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். வசூலைப் பொறுத்தவரை, துப்புரவுப் பணியாளருக்கும் இரவுக் காவலருக்கும் துணி எடுத்துத் தரும் செலவையும் அன்றைய சாப்பாட்டுச் செலவையும் முன்வந்து ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பங்கைவிட அதிகமாகவே கொடுங்கள். காசை மிச்சம் பிடிக்கத்தான் மதத்தைச் சொல்கிறார் என்ற பேச்சுக்கு இடம் வைக்கக் கூடாது.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் தம் மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும் தருகிறது. மனச்சாட்சிச் சுதந்திரம் என்பதில், தான் நம்பாத வழிபாட்டைச் செய்யாமல் இருக்கும் சுதந்திரமும் அடங்கும். இதற்கு உங்களுக்கு மிக நெருக்கமான முன்மாதிரி, 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தின் மூன்று பிள்ளைகள், பள்ளியில் தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதற்காக 1985-இல் அவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அந்த நீக்கத்தைச் செல்லாது என்றது. ஒருவருடைய நம்பிக்கை நீதிபதிக்கு நியாயமாகப் படுகிறதா என்பது கேள்வியே அல்ல, அதை அவர் மெய்யாகவும் மனச்சாட்சியோடும் பற்றிக்கொண்டிருக்கிறாரா என்பதே கேள்வி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அந்தப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள் என்பதை நீதிமன்றம் முக்கியமாக எடுத்துக்கொண்டது. உங்களை அறையில் நிற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக நடந்தவன் ஆக மாட்டேன். இந்திய இராணுவத்தின் கவச வாகனப் படைப்பிரிவு ஒன்றில் லெப்டினன்டாக இருந்த கிறிஸ்தவர் ஒருவர், படைப்பிரிவின் கோவிலுக்கு வீரர்களோடு அணிவகுத்துப் போனார். காலணியைக் கழற்றி முற்றத்தில் நின்றார். ஆனால் கருவறைக்குள் போய் பூஜையில் பங்கேற்க மறுத்தார். 2021-இல் அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. போதகர் ஒருவரே உள்ளே போகலாம் என்று ஆலோசனை சொல்லியிருந்தும் அவர் மறுத்ததை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். அந்த முடிவு என்னை வேதனைப்படுத்தியது. மனச்சாட்சி யாருடையது என்ற கேள்விக்கு 1986-இல் கிடைத்த பதிலிலிருந்து இது விலகி நிற்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால் என் கருத்து தீர்ப்பை மாற்றாது. உங்கள் நிலை அவருடையதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஆயுதப் படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த 33-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. குடிமைப் பணியில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அவருக்கு மேலதிகாரிகளின் கட்டளை இருந்தது. போரில் வீரர்களை ஒன்றாக வைத்திருக்கும் ஒழுங்கு என்ற வாதமும் இருந்தது. உங்களுக்கு இருப்பது வழக்கம் மட்டுமே. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில், பூஜை நடத்துவது எந்தப் பதவிக்கும் கடமையாகச் சொல்லப்படவில்லை.

அண்ணா முதலமைச்சராக இருந்த 1968-இல், அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களை அகற்றுவது பற்றி அரசே சுற்றறிக்கை அனுப்பியதுண்டு. அதை யாராவது உங்களுக்கு எடுத்துத் தரக்கூடும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பூஜையையே நிறுத்தக் கிளம்பாதீர்கள். உங்கள் மனச்சாட்சிக்கு நீங்கள் கேட்கும் இடத்தை மற்றவர்களுடைய மனச்சாட்சிக்கும் கொடுக்க வேண்டும். அதிலும் நீங்கள் இப்போது அந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர். டிசம்பரில் கேக் வெட்டும்போது, ஜெபம் செய்கிறேன், எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று உங்கள் இடத்திலிருந்து நீங்கள் சொன்னால், கீழே வேலை செய்கிறவர்கள் மறுக்க முடியாமல் எழுந்து நிற்பார்கள். இன்று உங்களுக்கு வலிப்பது அன்று அவர்களுக்கு வலிக்கும்.

விடுப்பு எடுக்கலாம் என்ற உங்கள் கணவரின் யோசனை தவறானதல்ல; மனம் தாங்காது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அது பாவமில்லை. ஆனாலும் நான் அதை விரும்பவில்லை. இந்த ஆண்டு விடுப்பு எடுத்தால் அடுத்த ஆண்டும் எடுக்க வேண்டும்; ஓய்வு பெறும்வரை ஆயுத பூஜைக்குக் காய்ச்சல் வருகிற கண்காணிப்பாளராக இருப்பீர்கள். எல்லோரும் காரணத்தை ஊகிப்பார்கள், நீங்கள் மட்டும் சொல்லாமல் இருப்பீர்கள். வராதவர் வெறுக்கிறார் என்று அவர்கள் முடிவு செய்வதற்கும் அது வழிவிடும். வாசலருகே நின்று, பூஜை முடிந்ததும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

உங்களுக்கு என்ன நேரும்? அனேகமாக இரண்டு மூன்று வாரம் சிலர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தேநீர் வேளையில் பேச்சு சட்டென்று நிற்கும். அது சிறிய துன்பமாகத் தோன்றலாம், ஆனால் தினமும் அதே அறையில் உட்கார்ந்து வேலை வாங்க வேண்டியவருக்கு அது சிறியதல்ல என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாள்களில் தேவசகாயம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அதிகாரியாக இருந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். 1749-இல் கைது செய்யப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. சபைப் பிரிவு எதுவானாலும் அவர் நம்மவர். உங்கள் சோதனையை அவருடையதோடு ஒப்பிட வேண்டாம். உங்களை யாரும் எருமையின்மேல் ஏற்றி ஊர்வலம் விடப்போவதில்லை. அலுவலகமும் விசுவாசமும் மோதிக்கொள்ளும் இடத்தில் முதலாவதாக வந்து நிற்கிறவர் நீங்கள் இல்லை என்பதற்காக மட்டுமே அவரைச் சொன்னேன்.

ஒருவேளை விஷயம் முற்றிப்போய், நிர்வாகக் காரணங்களுக்காக என்று எழுதி உங்களை வேறிடத்துக்கு மாற்றினால், உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். ஆனால் மாறுதல் உத்தரவின் பின்னே கெட்ட நோக்கம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் மேல் விழும், அது எளிதன்று. அதனால் இப்போதிருந்தே, மேலதிகாரியிடம் பேசிய நாள், நேரம், அவர் சொன்ன பதில் ஆகியவற்றை வீட்டில் ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். அதை யாரிடமும் காட்டவோ, எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லவோ வேண்டாம். கோப்புகளைத் தேக்கமில்லாமல் நகர்த்துங்கள். உங்கள் வேலையில் குறை காண யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். உங்கள் பணியிடத்துக்கு அருகில் நீங்கள் ஆராதனைக்குப் போகும் ஆலயத்தின் குருவானவரிடமும் இதைச் சொல்லி, அன்றைய தினத்துக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். ஊரிலுள்ள பெரியவரைவிட அவருக்கு அந்த வட்டாரம் தெரியும்.

வாய்மொழியாக வரும் வற்புறுத்தலுக்கு வாய்மொழியாகவே, நான் மேலே எழுதித் தந்த அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதையே சொல்லுங்கள். பூஜையை நீங்கள்தான் நடத்த வேண்டும் என்றோ, ஏன் நடத்தவில்லை என்று விளக்கம் கேட்டோ எழுத்தில் ஏதேனும் வந்தால், தேதியிட்டுப் பெற்றுக்கொண்டதற்கு மட்டும் கையொப்பமிடுங்கள். அன்றைக்கே பதில் எழுதிவிடாமல் உரிய அவகாசம் கேட்டுவிட்டு, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள்.